கழிபொதி இலக்கணம்

பாயிரம்

பொதி என்பது ஒரு மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்களையும், 'இன்னின்ன பொதிகள் முன்னமே வந்திறங்கினால்தான் நான் இறங்குவேன்' என்ற நிபந்தனைச் சீட்டையும் சேர்த்துக் கட்டியது. அவ்வாறு கட்டியவற்றுள், எழுதப்பட்ட மொழியின் பதிப்புக்கு ஆயுள் முடிந்தது என்ற காரணத்தால் களஞ்சியத்தை விட்டு நீக்கப்பட்டது கழிபொதி. ஓடாமல் போனதால் நீக்கப்பட்டது கழிபொதி ஆகாது, அது பழுதுபொதி. உரிமத் தகராறில் நீக்கப்பட்டதும் ஆகாது, அது வழக்குப்பொதி. கழிபொதிக்கு உரிய சிறப்பிலக்கணம், நீக்கிய நாள் காலைவரை அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்பதே. இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் சண்டைகள் எல்லாம் விளங்கும்.

எடுத்துக்காட்டு இல்லாத இலக்கணம் யாருக்கும் உதவாது. ஆகவே இந்நூல் பைத்தான் 2 என்ற மொழிப் பதிப்பையும், அதை நம்பியிருந்த பொதிகளை டெபியன் என்ற லினக்ஸ் களஞ்சியம் கழித்த வரலாற்றையும் மேற்கொள்கிறது. ஃபெடோரா முதலான பிற களஞ்சியங்கள் சாட்சிக்கு மட்டும் அழைக்கப்படும். சிறப்புப்பாயிரம் ஒன்று பெரியவர்கள் யாரிடமாவது வாங்கிப் போடுவது மரபு. கேட்டவர்கள் எல்லாரும் 'இன்னுமா பைத்தான் 2?' என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பர் 3. பழைய நிரல் அதில் அப்படியே ஓடாது என்பதைத் தெரிந்தேதான் பைத்தானைப் படைத்த கைடோ வான் ராசமும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். பழையதன் கடைசிக் கிளையான 2.7, 2010 ஜூலையில் வந்தது. 2.8 உண்டா என்று நச்சரித்தவர்களுக்காக 2011-இல் ஓர் ஆவணமே எழுதி வைத்தார்கள்: 2.8-இன் வெளியிடாமை அட்டவணை. வராத ஒன்று வராத விதத்தை முறையாக விளக்கும் அந்த ஆவணத்துக்கு 404 என்று எண் கொடுத்தார்கள். எழுதியவர் பேரி வார்சா. இவர் பெயர் கீழே இன்னொரு முறை வரும். 2.7-க்கு முதலில் குறித்த முடிவாண்டு 2015. 2014-இல் மான்ட்ரியாலில் பைக்கான் மாநாடு நடந்த சமயம் அதை 2020-க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1-இல் கதவு மூடியது. ஆனால் கடைசிப் பதிப்பான 2.7.18 வெளிவந்ததோ அவ்வாண்டு ஏப்ரல் 20. செத்த பின் பிறந்தது எங்ஙனம் என்று வினவுவாரும் உளர். அது பொருந்தாது, என்னை? திருத்தங்கள் ஜனவரிக்கு முன்பே சேர்ந்துவிட்டன. உயில் பிந்தி வாசிக்கப்படுவதுபோல அவை ஏப்ரலில் வெளியாயின, அவ்வளவே.

காரணவியல்

ஒரு பதிப்பு போய் அடுத்தது வந்தால் பொதி ஏன் கழிய வேண்டும், சீட்டில் 2 என்பதை அடித்து 3 என்று எழுதினால் போதாதா எனின், போதாது. எல்லார் கண்ணிலும் பட்டது அடைப்புக்குறிதான். பழையதில் 'பிரின்ட்' என்று எழுதி ஓர் இடம் விட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னால் திரையில் வரும். புதியதில் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். இதைப் பற்றி எழுதப்பட்ட புலம்பல்களுக்கு அளவில்லை. உண்மையில் இது மிகச் சாதுவான வேறுபாடு. நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கத்திவிடும். கத்துகிற பிழையை அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம்.

கத்தாத பிழைகளே கொடியவை. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழையது 3 என்றது, புதியது 3.5 என்கிறது. 2.5-ஐ அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றச் சொன்னால் பழையது 3.0 என்றது. புதியது அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும் முறைப்படி 2 என்கிறது. இரண்டிடத்திலும் பிழைச்செய்தி வராது. கணக்கு மட்டும் மாறியிருக்கும். பழையதில் ஓர் எண்ணையும் ஒரு சொல்லையும் நிறுத்தி எது பெரிது என்று கேட்கலாம். எந்தச் சொல்லும் எந்த எண்ணையும்விடப் பெரிது என்று தயங்காமல் விடை வரும். புதியது அப்படிப்பட்ட கேள்வியையே ஏற்பதில்லை. புலவர்களுக்குப் பழையதே உவப்பாக இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது எழுத்துச் சிக்கல். இதைத் தமிழில் நிரல் எழுதிப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'அம்மா' என்று பைத்தான் 2-இடம் வெறுமனே மேற்கோள் குறிக்குள் கொடுத்து நீளம் கேட்டால் 15 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்துக்கும் சேர்த்துப் பதினைந்து. பைத்தான் 3 ஐந்து என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். அந்த விடையைப் பெற ஓப்பன்-தமிழ் போன்ற தனி நூலகத்தை இன்றும் கூப்பிட வேண்டியிருக்கிறது. அதே சொல்லின் முதல் எழுத்தை எடு என்றால் பழையது அகரத்தைத் தராது. அகரத்தில் மூன்றில் ஒரு பங்கை, 224 என்ற பைட்டை, எடுத்து நீட்டும். தமிழ் எழுத்து எதுவானாலும் அதன் முதல் பைட் 224-தான். ஆஸ்கி முறையோ 127-க்கு மேல் எண்ணத் தெரியாதது. ஆகவே இந்தப் பைட் வகைச் சரத்தையும் யூனிகோடு சரத்தையும் ஓரிடத்தில் ஒட்ட முயன்றால், 224-ஐ ஆஸ்கியால் படிக்க முடியவில்லை என்று நிரல் படுத்துவிடும். பைத்தான் 2-இல் தமிழோடு மல்லுக்கட்டிய எவருக்கும் அந்தப் பிழைச்செய்தி மனப்பாடமாக இருக்கும். ஆங்கிலம் மட்டுமே புழங்கிய இடங்களில் அதே நிரல் பத்தாண்டு சிக்கலில்லாமல் ஓடியிருக்கும். உள்ளே கோளாறு இருப்பதே தெரிந்திராது.

பைத்தான் 3 இந்தக் குழப்பத்தை அறுத்தது. எழுத்து வேறு, பைட் வேறு என்றது. நல்லதுதான். ஆனால் பழைய நிரல் ஒன்றில் இருக்கும் ஆயிரம் சரங்களுள் எது எழுத்து, எது பைட் என்பதை யார் சொல்வது? பழையதைப் புதியதாக மாற்றித் தரும் '2டு3' என்ற கருவி அடைப்புக்குறி போடும். பெயர் மாறிய செயற்கூறுகளைத் திருத்தும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அதனிடம் விடை கிடையாது. விடை தெரிந்தவர் நிரலை எழுதியவர் ஒருவரே. அவர் வேலை மாறி, ஊர் மாறி, மின்னஞ்சல் முகவரியும் மாறிப் போயிருப்பார்.

வகையியல்

இனி, எதை அடிப்படையாகக் கொண்டு வகுப்பது?

வயதைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அன்று. எண்கணிப்பு நூலகமான நம்பை 1990-களில் பிறந்த நியூமெரிக் என்ற நூலகத்தின் வழிவந்தது. அது 3-க்கும் வந்துசேர்ந்து, 2019 ஜூலையில் 1.17 பதிப்போடு பைத்தான் 2-ஐக் கைகழுவியும் விட்டது. அதன் பேரப்பிள்ளை வயதுள்ள பொதிகள் பல அதற்குப் பின் மாண்டன. அளவைக் கொண்டு வகுக்கலாம் என்பர் மற்றொரு சாரார். அதுவும் அன்று. டிராப்பாக்ஸின் மேசைக் கணினிச் செயலி மிகப் பெரியது, 2018-இல் மாறிவிட்டது. கைடோ வான் ராசமே அப்போது அங்கே வேலை பார்த்தார் என்பதை மறக்கக் கூடாது. முந்நூறு வரிச் சிறுபொதிகள் மாறவில்லை. பயனைக் கொண்டு வகுக்கலாம் என்பர் மூன்றாம் சாரார். டெபியனில் பயனர் எண்ணிக்கையைக் காட்ட 'பாப்கான்' என்ற கணக்கு ஒன்று உண்டு. ஆனால் என்னையும் எண்ணிக்கொள் என்று தாமாக இசைந்தவர்களின் கணினிகள் மட்டுமே அதில் ஏறும். இசையாதவர் ஆயிரம் பேர் ஒரு பொதியை அன்றாடம் பயன்படுத்தினாலும் பாப்கானுக்கு அது அநாவசியப் பொதியே.

ஆகவே இவ்வாசிரியர் துணிபு: பொதிக்குப் பின்னால் இன்னும் ஓர் ஆள் இருக்கிறாரா, இருந்தால் அவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதே வகுப்புக்கு அடிப்படை. நிரலைப் படித்து வகைப்படுத்தப் புகுந்தவர்கள் எல்லாரும் கடைசியில் பொதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களைத்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

டெபியன் கழித்த முறை இது. 2019-இல் பைத்தான் 2-ஐச் சார்ந்த ஒவ்வொரு பொதியின் மீதும் ஒரு பக் பதிவு செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளக் குறி இட்டார்கள். தம்மை வேறெதுவும் சார்ந்திராத இலைப்பொதிகளை முதலில் எடுப்பது. அவை போனதும் புதிதாக இலையானவற்றை எடுப்பது. இப்படியே அடிமரம்வரை இறங்குவது. பயனர் குறைந்த இலைகளின் பக்குகள் முதலில் கடுமை நிலைக்கு ஏற்றப்பட்டன. கடுமை நிலைக்கு ஏறிய பக்கை யாரும் திருத்தாவிட்டால், குறித்த காலத்துக்குப் பிறகு அந்தப் பொதி அடுத்த வெளியீட்டுக்கான வரிசையிலிருந்து தானாகவே விழுந்துவிடும். யாரும் யாரையும் வெட்ட வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

உதிர்பொதி. பெருந்தொகை இதுவே, சொல்ல வேண்டியது குறைவு. பைத்தான் 3-க்கான இரட்டைப்பிறவி பக்கத்திலேயே வந்துவிட்ட நூலகங்கள் இவை. மூத்தது போனதைப் பலர் கவனிக்கவும் இல்லை.

தாங்குபொதி. தான் செத்தும், தன்மேல் நிற்பவர்களால் விழ முடியாமல் நிற்பது. பைஜிடிகே இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றைப் பைத்தானிலிருந்து வரைய உதவிய நூலகம். கடைசிக் கிளையான 2.24, 2011-இல் வந்தது. அதன் ஆசிரியர்களே பைஜிஆப்ஜெக்ட் என்ற வேறு வழிக்குப் போய்விட்டார்கள். அப்படியிருந்தும் எட்டு, ஒன்பது ஆண்டு அது களஞ்சியத்தில் நின்றதற்குக் காரணம், அதன்மேல் குடியிருந்த சிறு செயலிகள். இசைப்பட்டியல் அடுக்குபவை, படக்கதை காட்டுபவை, சமையல் குறிப்பு சேர்ப்பவை என எத்தனையோ. இவற்றை எழுதியவர்களுக்குச் சுமை இரண்டு: மொழியையும் மாற்ற வேண்டும், சாளரம் வரையும் முறையையும் மாற்ற வேண்டும். ஒரு சுமையென்றால் தூக்கியிருப்பார்கள். இரண்டு என்றதும் பலர் கைவிட்டார்கள் என்பது என் கணிப்பு. தாங்குபொதியைக் கழிக்கும்போது போவது அது ஒன்றல்ல என்பதை டெபியன்காரர்கள் அறிவார்கள். அதனால்தான் இலையிலிருந்து தொடங்கினார்கள்.

நொச்சிப்பொதி. நொச்சி, மதில் காப்போர் திணை. இங்கே மதில் பைத்தான் 2. காத்தவர் கோவித் கோயல். மின்னூல்களை அடுக்கவும் வடிவம் மாற்றவும் உதவும் காலிபரை 2006-இல் தொடங்கியவர். சோனியின் மின்னூல் கருவி ஒன்று லினக்ஸோடு பேச மறுத்ததால் பிறந்த செயலி அது. பைத்தான் 2-க்கு நாள் குறித்தாயிற்றே, எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று பக் ஒன்றில் கேட்டதற்கு, மாற்ற வேண்டியதில்லை, பைத்தான் 2-ஐப் பராமரிக்க எனக்கே தெரியும் என்ற பொருள்பட விடை எழுதினார். உலகம் கைவிட்ட மொழிப் பதிப்பு ஒன்றைத் தனியாளாகத் தாங்குகிறேன் என்ற இந்த விடை அன்று பெரிதாகப் பேசப்பட்டது. கேலி செய்தவர்கள் பலர்.

கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. விண்டோஸ், மேக் பயனர்களுக்குக் காலிபர் தன் பைத்தானைத் தன்னோடு கட்டித்தான் அனுப்புகிறது; அங்கே வேறு யார் எந்தப் பதிப்பை மூடினாலும் அதற்குக் கவலையில்லை. வாசகர்கள் எழுதிச் சேர்த்த செருகுநிரல்கள் ஏராளம். மொழியை மாற்றினால் அத்தனையும் ஒரே நாளில் படுக்கும். ஆகவே அவர் மதிலுக்குள் நின்று பேசியது வீம்பு மட்டுமன்று. ஆனால் களஞ்சியத்தின் நியாயம் வேறு. அங்கே பைத்தான் எல்லாப் பொதிகளுக்கும் பொது. ஒருவருக்காக ஒன்றை வைத்திருந்தால் அதன் பாதுகாப்பு ஓட்டைகளை ஒருவர் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் கோயல் அல்லர். முற்றுகை எப்படி முடிந்தது எனின், வெளியிலிருந்து தொண்டர்கள் சிலர் வந்து மாற்றும் வேலையில் பெரும்பகுதியைச் செய்து கொடுத்தார்கள், அவர் ஏற்றுக்கொண்டார், 2020 செப்டம்பரில் காலிபர் 5.0 பைத்தான் 3-இல் வந்தது. அவர் பயந்தபடியே, மாற்றப்படாத செருகுநிரல்கள் படுத்தன. இதில் உரைகாரர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி: அதே கோயல் எழுதிய கிட்டி என்ற முனையச் செயலி தொடக்கத்திலிருந்தே பைத்தான் 3-ஐத்தான் பயன்படுத்துகிறது. அவருக்குப் பைத்தான் 3 பிடிக்காமல் இல்லை. ஓடுகிற ஒன்றைப் பிரித்துப் போடுவதுதான் பிடிக்கவில்லை.

மறுபிறப்புப்பொதி. பழைய பெயரில் புதிய உடல் எடுப்பது. பஜார் என்ற நிரல் வரலாற்றுக் கருவி பிரீசி என்ற கிளையாகப் பிறந்தது. டெபியனில் பஜாரைக் கேட்டவருக்குப் பிரீசி வந்து சேர்ந்தது. அஞ்சல் பட்டியல்களை நடத்தும் மெயில்மேன் 2.1 பைத்தான் 2-ஐ விட்டு நகரவில்லை; 2015-இல் வந்த மெயில்மேன் 3 வேறு கட்டுமானம், வேறு தரவுத்தளம், வேறு முகப்பு. பல கல்லூரிகளும் சங்கங்களும் பழையதையே விடாமல் வைத்திருந்தன. டெபியன் 11-இல் பழையது இல்லை. இந்த மெயில்மேனின் தலைமை ஆசிரியர்களுள் ஒருவர்தான் மேலே சொன்ன பேரி வார்சா. 2.8 கிடையாது என்று ஊருக்கு எழுதிக் கொடுத்தவர் வீட்டிலேயே 2.7 கடைசிவரை கிடந்தது.

ஜிம்ப் என்ற படத்தொகுப்புச் செயலியின் மறுபிறப்புக்கு நெடுங்காலம் ஆயிற்று. 2018-இல் வந்த ஜிம்ப் 2.10-இன் பைத்தான் செருகுநிரல்கள் பைத்தான் 2-ஐயும், மேலே சொன்ன தாங்குபொதியான பைஜிடிகேயையும் சேர்த்தே கேட்டன. டெபியனும் உபுண்டுவும் அந்த உறுப்பை மட்டும் அறுத்துவிட்டு ஜிம்பைக் கொடுத்தன. ஃபெடோரா வேறு வழி கண்டது. 2020-இல் வந்த ஃபெடோரா 32-இலிருந்து, பைத்தான் 2 வேண்டுமென்றால் குழுவிடம் விலக்கு கேட்டு வாங்க வேண்டும் என்று விதித்து, ஜிம்புக்கு விலக்கும் கொடுத்தது. விலக்கு என்பது நீளும் பண்புடையது. 2024 அக்டோபரில் வந்த ஃபெடோரா 41-இல்தான் பைத்தான் 2.7 அங்கே கழிந்தது. ஜிம்ப் 3.0-இன் முழு வெளியீடு 2025 மார்ச்சில் வந்தது.

அநாதைப்பொதி. இது நூலாசிரியரின் பெயர் அன்று. டெபியனே மெயின்டெய்னர் இல்லாத பொதிக்கு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. இதன் முடிவை நீக்கல் கோரிக்கையின் தலைப்பு வரியில் படிக்கலாம். முதலில் நீக்குக என்ற குறி. பிறகு பொதியின் பெயர். பிறகு கேட்பவர் யார் என்பதற்கு ஒரு சுருக்கெழுத்து: மெயின்டெய்னரே கேட்டால் ஒன்று, தரக்கட்டுப்பாட்டுக் குழு கேட்டால் இன்னொன்று. அதன்பின் அரைப்புள்ளி வைத்து வைத்துக் காரணங்கள்: பைத்தான் 2 மட்டும், இதைச் சார்ந்தது எதுவுமில்லை, பயனர் குறைவு, அப்ஸ்ட்ரீம் (மூல ஆசிரியர்) காலி. பத்துச் சொல்லுக்கு மேல் போகாது. ஒருவருடைய மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பத்துச் சொல்லில் முடிந்துவிடும். களஞ்சியத்தைக் கவனிக்கும் எஃப்டிபி மாஸ்டர் குழுவினர் பார்த்து, சார்ந்தவை உண்டா என்று ஒருமுறை சோதித்து, நீக்கிவிடுவார்கள். அஞ்சலிக் குறிப்பு கிடையாது.

இங்கே ஒரு தடை எழுப்புவர்: ஆள் இல்லாத பொதியை நீக்குவதில் என்ன குறை? குறை இல்லை என்பதே விடை. பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க ஆளில்லாத ஒன்றை, பாதுகாப்பானது என்ற முத்திரையோடு வைத்திருப்பது பயனரை ஏமாற்றுவதாகும். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. ஆள் இருக்கிற நொச்சிக்கு ஊரே கூடி வேலை செய்து கொடுத்தது. வாயில்லாத இலைக்கு யாரும் வரவில்லை. உரக்கப் பேச ஒருவர் இருந்தது எவ்வளவுக்கு வேலை செய்தது என்பதை அளக்கப் பாப்கானில் வழியில்லை.

கரந்துறைபொதி. இருப்பது தெரியாமல் இருப்பது. உள்வகை இரண்டு. முதலாவது, சீட்டில் எழுதாமல் சார்வது. நிரலின் முதல் வரியில் 'யூஎஸ்ஆர், பின், பைத்தான்' என்று வழி எழுதிவிட்டு, நிபந்தனைச் சீட்டில் அதைச் சொல்லாமல் விடுவது. ஒவ்வொரு கணினியிலும் பைத்தான் என்ற பெயரில் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை இவை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்ட் ஒன்று இப்படி இருந்தது. சர்வரைப் புதுப்பித்தார்கள், பைத்தான் என்ற பெயர் மறைந்தது. ஸ்கிரிப்ட் ஓடாத செய்தியை, அதை நேரம் பார்த்து ஓட்டும் கிரான் ஒழுங்காக அஞ்சல் செய்தது, யாரும் திறக்காத ரூட் கணக்குக்கு. வரவேண்டிய பட்டியல் வரவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா மாடி ஏறி வந்த பிறகுதான், அப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருப்பதே கணினிப் பிரிவுக்குத் தெரிந்தது. எழுதியவர் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

இரண்டாவது உள்வகை, தான் கழிந்தும் இன்னொன்றின் வயிற்றுக்குள் பிழைத்திருப்பது. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11-இல் பைத்தான் 2.7 இருந்தது. ஆனால் செயலிகளை ஓட்டுவதற்காக அன்று, பாதுகாப்புத் திருத்தமும் வராது என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். சில பெரிய மென்பொருள்களைக் கட்டி எழுப்பும்போது மட்டும் அது தேவைப்பட்டது. குரோமியம் உலாவி அவற்றுள் ஒன்று. உலகத்திலேயே புதியது என்று சொல்லிக்கொள்ளும் உலாவி, கழிந்த மொழியின் கையால் பிசைந்துதான் வெளியே வந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அந்த விருந்தாளியும் இல்லை.

பெயர்ப்பொதி. 'பைத்தான் என்பது பைத்தான் 3' என்ற பெயரிலேயே டெபியனில் ஒரு பொதி உண்டு. அதை நிறுவினால் பைத்தான் என்று கூப்பிட்டால் 3 வரும். உள்ளே இருப்பது ஒரு சுட்டி. சொல்லத்தக்க நிரல் எதுவும் இல்லை. டெபியன் 11-இல் இதற்கு எதிர்க்கட்சியாக, 'பைத்தான் என்பது பைத்தான் 2' என்ற பொதியும் இருந்தது. கொள்கைச் சண்டையைத் தீர்க்காமல் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பொதி கட்டிக் கொடுத்த இந்தத் தந்திரத்தை நான் மெச்சுகிறேன். அடுத்த வெளியீட்டில் ஒன்று மட்டுமே மிஞ்சியது.

ஒழிபியல்

மேற்கூறிய வகைகளுள் அடங்காதவை இங்கே.

கூலிக்கு உயிரோடு இருப்பவை உண்டு. 2020-இல் இறந்ததாக அறிவிக்கப்பட்ட பைத்தான் 2.7-க்கு ரெட்ஹாட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காக 2024 ஜூன்வரை திருத்தங்கள் கொடுத்தது. ஆக்டிவ்ஸ்டேட் போன்ற நிறுவனங்களும் காசு வாங்கிக்கொண்டு இந்தச் சேவையைச் செய்தன. ஆயுள் முடிவு என்பது இலவசத்துக்கு மட்டுமே முடிவு என்பது இதனால் பெறப்படும்.

கழிய மறுத்து வேறு பெயர் பூண்டது உண்டு. 2016 டிசம்பரில் ஒருவர் 2.7-ஐக் கிளை பிரித்து, 3-இல் உள்ள சில வசதிகளை அதில் ஏற்றி, பைத்தான் 2.8 என்று பெயரிட்டார். அந்தப் பெயர் கூடாது என்று பைத்தான் தரப்பினர் சொன்னார்கள். அது டாதான் என்ற பெயரில் தொடர்ந்தது.

சாவாப்பொதி ஒன்றே: பைபை. பைத்தானை விரைவாக ஓட்டும் இந்த மாற்று, தன்னையே ஆர்பைத்தான் என்ற குறுக்கிய பைத்தானில் எழுதிக்கொண்டது. அந்த ஆர்பைத்தான் நிற்பது பைத்தான் 2.7-மேல். பைத்தான் 3 நிரலை ஓட்டும் பைபைகூட அந்தப் பழைய கருவியால் உருவாக்கப்பட்டதே. ஆகவே தாங்கள் இருக்கும்வரை 2.7-உம் இருக்கும் என்று அவர்கள் அறிவித்துவிட்டார்கள்.

கழித்தவர்களையே தாங்கிய கழிபொதி ஒன்றும் உண்டு; இதற்கு எந்த இலக்கணத்திலும் பெயரில்லை. பைத்தான் 2-ஐ நீக்கும் பணிக்கான விதிகளையும் முன்னேற்றத்தையும் டெபியன் தன் விக்கியில் எழுதி வைத்தது. அந்த விக்கி ஓடியது மாயின்மாயின் 1.9 என்ற மென்பொருளில். மாயின்மாயின் 1.9 எழுதப்பட்டது பைத்தான் 2-இல். மாயின் பொதியும் அந்த விதிகளின்படியே களஞ்சியத்தை விட்டு நீக்கப்பட்டது. நீக்கிய பின்னும் விக்கி அதிலேயே ஓடியது. பக்கத்தைத் திறந்து படித்தவர்கள், கழிய வேண்டும் என்று எழுதியிருந்த ஒன்றின் வழியாகத்தான் அதைப் படித்தார்கள்.

கடைசியாக, இப்பணிக்கென்றே பிறந்த '2டு3' கருவி. பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தந்த இதுவும், இதன் உள்ளுறுப்பான 'லிப்2டு3' நூலகமும், 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் நீக்கப்பட்டன. அதே பதிப்பில் வேறு 19 பழைய கூறுகளும் போயின. காரணம் என்னவெனின், பழையதைப் படிக்கக் கற்ற இதன் வாசிப்பு முறையால், பைத்தான் 3-இல் பின்னால் சேர்ந்த புதிய இலக்கணத்தைப் படிக்க முடியவில்லை. நீக்கிய நாள் காலைவரை ஒழுங்காக ஓடியதால் கழிபொதியின் சிறப்பிலக்கணம் இதற்கு முழுதும் பொருந்தும். எவ்வகை எனின், அநாதை என்று சொல்ல வழியில்லை. பிளாக் என்ற நிரல் ஒழுங்குபடுத்தும் கருவி, லிப்2டு3-இன் நகல் ஒன்றை எடுத்து, புதிய இலக்கணத்தைச் சொல்லிக் கொடுத்து, தனக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆகவே கரந்துறைபொதி, இரண்டாம் உள்வகை.